குங்குமம் வைத்த பேட்டரி

என் நாக்கின் நடுவில் மிளகளவு ஒரு கறுப்பு மச்சம் இருக்கிறது. பல் டாக்டர்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு இருந்த மரியாதையே தனி. எனக்கு நாலு வயதாகும்போதே கரிநாக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கொல்லை முருங்கையைப் பார்த்து "ஒடியப் போகுது" என்றேனாம், மறுநாள் ஒடிந்ததாம். ஐப்பசிக் காற்றில் முருங்கை ஒடியாமல் வேறென்ன ஒடியும்? பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக் குட்டியைத் தடவிக்கொடுத்து "பாவம்" என்றேனாம், அன்று சாயங்காலமே அது கிணற்றில் விழுந்ததாம். இப்படி ஊரில் நடந்த சேதாரத்தில் பாதியை என் நாக்கின் தலையில் கட்டிவிட்டார்கள்.

அம்மா இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தாள். விதை தெளிப்பதோ, பால் காய்ச்சுவதோ, வீட்டில் எந்த நல்ல காரியம் தொடங்கினாலும் என் வாயில் பெரிய கல்கண்டுக் கட்டி ஒன்றைப் போட்டுவிடுவாள். "இது கரையிற வரைக்கும் வாயத் தெறக்கப்பிடாது, சொல்லிப்புட்டேன்." கடிக்கவும் கூடாது. கல்கண்டு கரைவதற்குள் காரியம் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் பலிக்காது என்பது அம்மாவின் நம்பிக்கை. தெருப் பிள்ளைகளுக்கு என் மேல் ஒரே பொறாமை. அந்தத் தித்திப்பு யாருக்கு வேண்டும்? எனக்குப் பயம்தான் இருந்தது. மற்றவர்கள் நம்பியது இருக்கட்டும், நானே நம்பினேன் என்பதுதான் இதில் மோசம்.

இன்றைக்கு அலுவலகத்தில் என் வாயை அடைக்க ஆளில்லை. ஆனால் ஒன்பது வயதில் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரு காலை இருக்கிறது. எங்கள் டிராக்டர் எரிந்த காலை.

எங்கள் ஊர் கண்டரமாணிக்கத்திலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் இருக்கிறது. அந்த டிராக்டரை எங்களுக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டித் தேய்த்திருந்தார்கள். உழவில் குறை சொல்ல முடியாது. ஆனால் என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் ஏற்ற வேண்டிய டைனமோ செத்துப் பல காலமாகியிருந்தது. டைனமோ இல்லையென்றால் பேட்டரி இல்லை, பேட்டரி இல்லையென்றால் செல்ஃப் எடுக்காது, விளக்கும் எரியாது. அதனால் அப்பா வண்டியைக் கண்மாய்க்கரைச் சரிவில்தான் நிறுத்துவார். காலையில் நாலு பேர் சேர்ந்து தள்ள, உருண்டு, குலுங்கி, கறுப்பாய்ப் புகை கக்கிக் கிளம்பும். பொழுது சாயுமுன் வீடு திரும்பிவிட வேண்டும். மழைக் காலத்தில் ஈர வயலில் நின்றுவிட்டால் அவ்வளவுதான், அப்பா வாயிலிருந்து வருவதைக் கேட்கக் காது இரண்டு போதாது.

"டைனமோவத் தூக்கிக் கடாசிட்டு ஒரு ஆல்டர்னேட்டர மாட்டிருவோம்ணே" என்று ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் தம்பி, வீட்டுக்குக் கடைக்குட்டி. காரைக்குடியில் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கப் போனவர், திரும்பி வந்தார். சர்டிபிகேட்டை யாரும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் ஒன்று மின்னிக்கொண்டிருக்கும். அதைப் பையில் செருகியபடியே கல்யாண வீடுகளுக்கும் போவார். எங்கள் மிக்ஸியை ஒருமுறை பிரித்து மாட்டினார். அதன் பிறகு அது மூன்றாவது வேகத்தில் மட்டும் ஓடியது. அம்மா சட்னி அரைக்கும்போதெல்லாம் மூடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நம்ம தம்பி கைபட்டதுல்ல" என்பாள். எனக்கு அவர்தான் உலகத்திலேயே பெரிய ஆள். என்னிடம் கரிநாக்கு என்ற வார்த்தையைச் சொல்லாத ஒரே ஆளும் அவர்தான்.

அப்பா வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார். "வெளக்கு எரிஞ்சிச்சுன்னா மெயின் ரோட்டுல ஒனக்கு ஒரு வயரிங் கடை போட்டுத் தாரேன். எரியலைன்னா மம்பட்டியத் தூக்கிக்கிட்டு எங்கூட வயலுக்கு வந்துரணும். மறுபேச்சுப் பேசப்பிடாது."

சித்தப்பாவுக்கு மண்வெட்டி என்றால் காய்ச்சலே வந்துவிடும். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார்.

காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் ஏதோ காரிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டரை வாங்கி வந்தார். ஆமை போல் உருண்டையாக, மேலெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. கூடவே யாரோ பயன்படுத்திய பேட்டரி ஒன்று, சார்ஜ் ஏற்றியது. சிவப்பு வயர் ஒரு சுருள், கறுப்பு வயர் ஒரு சுருள். பேட்டரியின் இரண்டு முனைகளில் கவ்வ வைக்கப் புத்தம் புது கிளாம்பு ஒரு ஜோடி. வேப்பமர நிழலுக்காக வண்டியை மாட்டுக்கொட்டடிப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பத்தடியில் எங்கள் வைக்கோல் படப்பு, ஒரு வருஷத்துத் தீவனம் முழுதும் அதில்தான். அதை அங்கே யாரும் ஆபத்தாக நினைக்கவில்லை.

இரண்டு நாள் வேலை நடந்தது. ஆல்டர்னேட்டரை என்ஜின் பக்கத்தில் போல்ட் போட்டு இறுக்கி, பெல்ட்டை மாட்டி, வயரை இழுத்துக்கொண்டே வந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். ஒரு கேள்வி கேட்டால் போதும், பாடமே நடத்துவார்.

"செவப்பு ப்ளஸ்ஸு. கருப்பு மைனஸு, அது பாடிக்கு, அதாவது வண்டி இரும்புக்கு. இது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் ஆத்தா, ஒலகத்துல எந்த வண்டிக்கும் வயரிங் பண்ணிப்புடலாம்."

"மாத்தி மாட்டிட்டா என்ன சித்தப்பா ஆகும்?"

"பொசுங்கிப் போகும்" என்று சிரித்தார். கேட்டது நான் அல்லவா? என் நாக்கிலிருந்து அல்லவா கேள்வி வந்தது? அவசரமாக "ஆகாது, ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று மூன்று தரம் முணுமுணுத்துக்கொண்டேன்.

பேட்டரியை மாட்டுவது மட்டும் பாக்கி இருக்கும்போது ஆயுத பூஜை வந்துவிட்டது. அம்மா வந்து நின்றாள். "தம்பி, அந்தப் பேட்டரிய எடுத்துப் பூசையில வையுங்க. நாளைக்கு விசயதசமி, நல்லநாள்ல மாட்டிக்கிடலாம்." பூஜையில் வைத்த எதையும் மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. அப்பாவே அருவாளைத் தொடமாட்டார், நானும் என் பாடப் புத்தகங்களைத் தொடமாட்டேன், அது மட்டும் நல்ல விதி. ஆகவே நடுவீட்டில் போட்ட பலகையில் மண்வெட்டி, அருவாள், ஸ்பானர்கள், என் கணக்குப் புத்தகம், எல்லாவற்றுக்கும் நடுவில் பேட்டரி ஏறி உட்கார்ந்தது.

பொட்டு வைப்பது என் வேலை. பேசாமல் செய்கிற வேலையாயிற்றே, அதனால் அம்மா நம்பிக் கொடுத்திருந்தாள். மண்வெட்டிக்கு ஒன்று, ஸ்பானருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்து பேட்டரியிடம் நின்றேன். அதன் தலையில் ஈயத்தால் ஆன இரண்டு முனைகள், கட்டைவிரல் உயரத்துக்கு எழும்பி நின்றன. அழுக்கேறிய தலையில் வேறு எழுத்தோ குறியோ என் கண்ணில் படவில்லை. முதலில் மூன்று விரலால் சந்தனத்தைக் குழைத்து அதன் தலை முழுக்கப் பூசினேன். பிறகு அந்த முனைகளைத் தொட்டுப் பார்த்தேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி ஒன்றைப் பிடித்தேன், அடுத்ததைப் பிடித்தேன். ஒன்று பருமன், ஒன்று மெலிசு. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது.

சரி, பருத்தது புருஷன், மெலிந்தது பெண்டாட்டி என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் அப்பா பருமன், அம்மா ஒல்லி, அதுதான் எனக்குத் தெரிந்த உலகம். புருஷனுக்குத் திருநீற்றை அள்ளி உச்சியில் அப்பினேன். பெண்டாட்டிக்குக் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து, நெற்றி எது என்று தெரியாததால் தலை முழுக்கச் சிவக்கச் சிவக்க வைத்தேன். மிக லட்சணமாக இருந்தது. அம்மா பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் அப்பா அய்யனார் கோவிலில் தேங்காய் உடைத்து எலுமிச்சம்பழம் வாங்கிவரப் போனார். வண்டிச் சக்கரத்தில் வைத்து நசுக்குவதற்கு. "நான் வர்றதுக்குள்ள மாட்டி வையி. வந்ததும் வெளக்கப் போட்டுப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அடுப்படியில் வடைக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு நடுவிலும் மறக்காமல் ஓடிவந்து என் வாயில் கல்கண்டைத் திணித்துவிட்டு, வெற்றிலை, பூ, மிச்சக் கல்கண்டு எல்லாம் இருந்த தாம்பாளத்தை டிராக்டர் பானெட் மேல் வைத்துவிட்டுப் போனாள். வேப்பமரத்தடியில் நானும் சித்தப்பாவும் மட்டும்.

சித்தப்பா பேட்டரியைத் தூக்கிவந்து அதன் பெட்டியில் இறக்கினார். குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"கடக்காரன் வெவரமானவன் ஆத்தா. ப்ளஸ்ஸுக்கு செவப்படிச்சுக் குடுத்திருக்கான் பாரு."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. காதுக்குள் ங்ஙொய்யென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அது கடைக்காரன் அடித்த சிவப்பு இல்லையே. நேற்று நான் குழைத்த நல்லெண்ணெய்க் குங்குமம் அல்லவா?

"இங்குட்டு உப்புப் பூத்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே, புருஷன் தலையில் நான் அப்பிய திருநீற்றை அழுக்குத் துணியால் துடைத்தெறிந்தார்.

நான் "ம்ம், ம்ம்" என்றேன்.

"என்ன ஆத்தா? கல்கண்டு கரையலயா? மெதுவாச் சப்பு. மதினி பாத்துச்சுன்னா என்னையும் சேத்து வையும்."

சொல்லியிருக்கலாம். கல்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு "அது நான் வச்ச குங்குமம்" என்று நாலு வார்த்தை, அவ்வளவுதான். இன்றுவரை என்னை நானே கேட்கும் கேள்வி அது. ஆனால் அன்று என் பயம் ஒரே ஒரு பயமாக இருந்தால்தானே? அந்த மெலிந்த முனை ஒருவேளை உண்மையிலேயே ப்ளஸ்ஸாக இருந்தால்? பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டே. அப்படி நல்லபடியாக மாட்டப்போவதை நான் வாயைத் திறந்து "தப்பு" என்று சொல்லிவைத்து, அதனாலேயே அது தப்பாகிப் போனால்? முருங்கை ஒடிந்தது, குட்டி விழுந்தது, இப்போது சித்தப்பாவின் கடையுமா? பேசினாலும் எரியும், பேசாவிட்டாலும் எரியும் என்று தோன்றியது. கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு, ஊரிலிருக்கும் சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன். காளையார்கோவில் சாமியைக் கூட விடவில்லை.

சித்தப்பா சிவப்பு வயரின் கிளாம்பை எடுத்துக் குங்கும முனையில் மாட்டினார். அது லொடலொடவென்று ஆடியது. "அளவு மாத்திக் குடுத்துட்டான் பாவி" என்று திட்டிக்கொண்டே, பிஸ்கட் டின் மூடியிலிருந்து ஒரு தகட்டை வெட்டி, முனையைச் சுற்றி வைத்து, அதன் மேல் கிளாம்பை இறுக்கினார். எவ்வளவு மூளை சித்தப்பாவுக்கு என்று அந்தப் பயத்திலும் நினைத்தேன். பிறகு கறுப்பு வயர். அதன் கிளாம்பு பருத்த முனைக்குள் இறங்கவே மாட்டேன் என்றது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி வாயை அகலமாக்கினார். வைத்து அமுக்கினார்.

பட்டென்று ஒரு பொறி.

நான் பின்னால் தாவினேன். சித்தப்பாவும் கையை எடுத்துவிட்டார். ஆனால் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "புது ஆல்டர்னேட்டருல்ல, லோடு இழுக்குது. அப்பிடித்தான் இருக்கும்." சிரிப்பு உதட்டில் மட்டும் இருந்தது. சுத்தியலை எடுத்தார். கிளாம்பின் தலையில் ஓங்கி ஒரே அடி. அது முனையின் கழுத்துவரை இறங்கிக் கடித்துக்கொண்டது.

முதலில் வாடைதான் வந்தது. ரப்பர் கருகுகிற வாடை. பிறகு ஆல்டர்னேட்டருக்குள்ளிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிசாக ஒரு இழை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு வயர் முழுக்க ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பொங்கியது. தோல் உருகி, சொட்டுச் சொட்டாக, எரிந்துகொண்டே கீழே விழுந்தது. கீழே டீசல் ஊறிய மண்ணும் வைக்கோல் தூசியும். நீலமாய் ஒரு சிறு தீ, பின் மஞ்சளாய். பத்தடியில் படப்பு.

சித்தப்பா கறுப்பு வயரின் கிளாம்பைப் பிடித்து இழுத்தார். அடித்து இறக்கியதல்லவா, அசையவில்லை. காலை டயரில் உதைத்துக்கொண்டு இழுத்தார். "அய்யோ, அய்யோ, அண்ணே" என்று கத்தினார். அப்பா அரை மைலுக்கு அப்பால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா இப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. படப்பு பற்றிவிடும், கொட்டடி பற்றிவிடும், மாடுகள் கட்டிக் கிடக்கின்றன, சித்தப்பா எரிந்துவிடுவார், எல்லாம் நான் வைத்த பொட்டு.

கல்கண்டைத் துப்பினேன்.

"சித்தப்பா, அங்குட்டு இல்ல, இங்குட்டு! குங்குமம் வச்சத இழுங்க, அது லூசு!"

அவர் திரும்பினார். தகடு வைத்துக் கட்டிய அந்தக் கிளாம்பைக் கையால் பிடித்து ஒரே பிடுங்கு. வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அந்த வயர் கம்பியாய்ப் பழுத்திருந்தது. அவர் உள்ளங்கையில் அது ஒட்டிக்கொண்டு பிரிந்த சத்தத்தை நான் கேட்டேன், இப்போதும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும்போது ஒரு விநாடி கண்ணை மூடிக்கொள்கிறேன். அவர் ஒரு சத்தமும் போடாமல் காலால் மண்ணைத் தள்ளித் தள்ளித் தீயை மூடினார். நானும் இரண்டு கையாலும் மண்ணை வாரிப் போட்டேன். அணைந்தது. படப்பு அப்படியே நின்றது. மாடுகள் எங்களைப் பார்த்துக்கொண்டு அசைபோட்டன.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. "நாந்தான் சித்தப்பா. செவப்பு கடக்காரன் அடிச்சதில்ல. நான் வச்ச குங்குமம். நான் பேசாம இருந்துட்டேன். எனக்குத் தெரியும், நான் சொல்லாம இருந்துட்டேன்."

சித்தப்பா பேட்டரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பேட்டரியைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டி அந்தச் சிவப்பைத் தொட்டு, விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். நல்லெண்ணெய் வாசம் வந்திருக்கும். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. என்னை அடிக்கப்போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

அவர் அடிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பேட்டரியின் தலையை, சந்தனம், குங்குமம் ஒன்று விடாமல், அழுத்தி அழுத்தித் துடைத்தார். பிறகு என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். வெந்த கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யார்ட்டயும் சொல்லிராத ஆத்தா. அப்பாட்ட, அம்மாட்ட, ஒருத்தர்ட்டயும் மூச்சு விடப்பிடாது. நான் பாத்துக்கிறேன். சத்தியமா?"

"சத்தியமா" என்றேன்.

புகையைப் பார்த்துவிட்டு அம்மா "என்னாச்சு, என்னாச்சு" என்று ஓடிவரும் சத்தம் கேட்டது. சித்தப்பா எழுந்து, தாம்பாளத்திலிருந்து கல்கண்டுக் கட்டி ஒன்றை எடுத்து என் வாயில் போட்டுவிட்டார். நான் துப்பியதைக் காலால் மண்ணுக்குள் தள்ளினார். அந்த நேரத்திலும் என்னை அம்மாவிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது.

அம்மா அவர் கையைப் பார்த்து ஓவென்று கத்திவிட்டு, அடுத்த காரியமாக என் தாடையைப் பிடித்தாள். "தெற வாய. பேசுனியாடி? என்னத்தையும் சொல்லித் தொலச்சியா?" வாய்க்குள் கல்கண்டு பத்திரமாக இருந்தது. அம்மா சற்று நேரம் அதையே பார்த்தாள். "இம்புட்டுப் பெரிசாவா போட்டேன்?" என்றாள். எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. பிறகு கையை எடுத்துவிட்டாள். "சரி, இவ பேசல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அப்பா வந்து சேர்ந்தபோது அவர் கையில் நாலு எலுமிச்சம்பழம் இருந்தது. வண்டியைச் சுற்றி வந்தார். கருகிய வயரைத் தொட்டார். படப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆல்டர்னேட்டர் டூப்ளிகேட்டுண்ணே" என்றார் சித்தப்பா. "உள்ளுக்குள்ளயே ஷார்ட்டு. கடக்காரன் நம்மள ஏமாத்திப்புட்டான். நான் என்னண்ணே செய்ய?"

"முதல்ல கையக் காமி" என்றார் அப்பா. எலுமிச்சம்பழங்களை வேட்டி மடியில் போட்டுக்கொண்டு, சித்தப்பாவைச் சைக்கிளில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் நரகம். சித்தப்பா கையில் வெள்ளைக் கட்டுப் போட்டு, இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவார். அந்த ஸ்பூன் தட்டில் படும் சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது. மூன்றாம் நாள் அப்பா அந்தக் கருகிய ஆல்டர்னேட்டரைச் சாக்கில் கட்டிக்கொண்டு காரைக்குடிக்குப் புறப்பட்டார். கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடப்போவதாகச் சொல்லிப் போனார். நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது பன்னிரண்டாம் வாய்ப்பாட்டிலேயே நின்றுவிட்டேன். கடைக்காரன் "நான் செவப்பே அடிக்கலயே" என்று சொல்லிவிட்டால்? சாயங்காலம் பஸ்ஸிலிருந்து அப்பா இறங்குவதைப் பார்த்து, புத்தகப் பையோடு மாட்டுக்கொட்டடியில் போய் ஒளிந்துகொண்டேன்.

அப்பா சாக்கை மூலையில் போட்டார். கால் கழுவினார். சித்தப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாப்ட்டியா?" என்றார். அவ்வளவுதான். கடைக்காரனோடு சண்டை போட்டாரா என்று கேட்ட அம்மாவிடம் சோற்றைப் போடச் சொன்னார். வேறு ஒரு மெக்கானிக் வந்து பழைய டைனமோவையே பிரித்துச் சரி செய்து கொடுத்துவிட்டுப் போனார். தை பிறந்ததும் சொன்னபடி மெயின் ரோட்டில் சித்தப்பாவுக்குக் கடை போட்டுத் தந்தார் அப்பா. ஆனால் வயரிங் கடை இல்லை, உரக் கடை. விளக்கு எரியாமலே கடை எப்படி வந்தது, வயரிங் எப்படி உரமானது என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேர் வாயிலும் யார் கல்கண்டு போட்டார்களோ.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதன் பிறகு எந்த ஆயுத பூஜைக்கும் பொட்டு வைக்கவில்லை, வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வேன். சித்தப்பா எனக்காகப் பழியைத் தாங்கினார், கையைக் கொடுத்தார், என் பெயரை வெளியில் விடவில்லை. இந்த ஒரு நினைப்பால் வீட்டில் என்ன சண்டை வந்தாலும் அவர் பக்கம்தான் நிற்பேன். அவருக்குக் கல்யாணத்தில் தகராறு வந்தபோதும், சொத்துப் பேச்சு வந்தபோதும், நியாயம் எந்தப் பக்கம் என்று நான் பார்த்ததே இல்லை. சித்தப்பா அந்தக் காலைக்குப் பிறகு டெஸ்டரைத் தொடவில்லை. கடையில் பல்பு ஃபியூஸ் போனாலும் ஆள் கூப்பிடுவார். அன்று பட்ட சூட்டில் மனுஷனுக்குக் கரண்ட் என்றாலே பயமாகிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

போன மாதம் என் காருக்கு பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. மாற்ற வந்த பையன் காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டே, பார்க்காமலே கிளாம்பை மாட்டினான். எனக்குப் பதறிவிட்டது. "தம்பி, பாத்து மாட்டுங்க, மாத்தி மாட்டிட்டா எரிஞ்சுரும்" என்றேன்.

"மாத்தி மாட்டவே முடியாதுக்கா" என்றான் அவன். "ப்ளஸ் பருமனா இருக்கும், மைனஸ் மெலிசா இருக்கும். கிளாம்பும் அந்த அளவுக்குத்தான் வரும். தொட்டுப் பாத்தாலே தெரியும். தொழில்ல கால் வச்ச மொத நாள் சொல்லிக் குடுக்குறதே இதுதான்க்கா. சந்தேகம்னா பத்து செகண்டுல செக் பண்ணிரலாம்."

அவன் போன பிறகும் பானெட்டைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு நின்றேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, ஒன்றைப் பிடித்தேன், அடுத்ததைப் பிடித்தேன். புருஷன், பெண்டாட்டி. லொடலொடவென்று ஆடிய கிளாம்பு. பிஸ்கட் டின் தகடு. உள்ளே இறங்காத கிளாம்பு. சுத்தியல். அளவு மாத்திக் கொடுத்துவிட்டான் பாவி. கடைக்காரன் ஒன்றையும் மாற்றிக் கொடுக்கவில்லை. ஒன்பது வயதில் பொட்டு வைக்கப் போன என் விரலுக்குத் தெரிந்தது, டெஸ்டர் வைத்திருந்த சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. சாக்கோடு போன அப்பாவிடம் கடைக்காரன் இதைச் சொல்லாமலா இருந்திருப்பான்?

குங்குமத்தைப் பார்த்து ப்ளஸ் என்று மாட்டியவர் என்பது வெளியே வந்தால், சித்தப்பாவின் ஐ.டி.ஐ. என்னாகும், கடை என்னாகும்? அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அந்த வயதில்தான் வருகிறார்கள், ஒன்று தெரியவில்லை என்றால் முகம் எப்படி வெளுக்கும் என்று தினமும் பார்க்கிறேன். யார் யாருக்காக வாயை மூடிக்கொண்டோம் என்பதை இத்தனை வருஷம் நான் தலைகீழாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். போனை எடுத்து அவர் எண்ணைத் தேடினேன். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

அன்று வேப்பமரத்தடியில் முட்டி போட்டு உட்கார்ந்து "யார்ட்டயும் சொல்லிராத ஆத்தா" என்று அவர் கையைப் பிடித்தபோது, எங்கள் கைகள் கிடுகிடுவென்று நடுங்கின. நடுங்குவது என் கை என்றுதான் நினைத்தேன். வெந்த கை அது, உரசினால் சித்தப்பாவுக்கு வலிக்குமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் கையை மரக்கட்டை மாதிரி அசையாமல் வைத்துக்கொண்டேன். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை.